மஜ்லிஸ் மாமாவின் முன்கூட்டிய நன்றிகள்

ஜொகூர் நீரிணையில் எத்தனையோ மாலுமிகள் வந்துபோகிறார்கள். ஆனால் கடல் சொல்பேச்சுக் கேட்டது ஒரே ஒரு மனிதரிடம்தான். அவர் மாலுமியல்லர். செனாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆளேற்றும் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தாமான் என்று நாங்கள் சொல்லும் எங்கள் குடியிருப்பில் அவருடைய உண்மையான பெயர் தெரிந்தவர்கள் இருவர்: ஒருவர் அத்தை, அதாவது அவருடைய மனைவி, மற்றவர் தபால்காரர். மற்ற எல்லாருக்கும் அவர் மஜ்லிஸ் மாமா.

நகராண்மைக் கழகத்தை எங்கள் பக்கம் மஜ்லிஸ் என்போம். மாமா அங்கே ஒருநாளும் வேலை பார்த்ததில்லை. இந்தச் செய்தி மஜ்லிஸுக்கே தெரியுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

கெலாங் பாத்தாவைத் தாண்டி, சாலை தன்னம்பிக்கை இழந்து ஒடுங்கத் தொடங்கும் இடத்தில் எங்கள் தாமான் இருக்கிறது. மூன்று லோரோங்குகள், அதாவது தெருக்கள். மூன்றாவதில், கடைசிக்கு முந்திய வீட்டில், நாங்கள். எங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கால்வாய், அதற்குப் பின்னால் அலையாத்தி மரங்கள், அதற்கும் பின்னால் நீரிணை. வெயில் ஏறும்வரை அக்கரைச் சிங்கப்பூர்க் கட்டடங்கள் பாதி நீராகவும் பாதிப் பனியாகவும் மிதந்துகொண்டிருக்கும். சில காலைகளில் அவை அங்கே இருக்கின்றனவா, நாம்தான் நினைத்துக்கொள்கிறோமா என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று வேண்டியிருக்கிறது. எங்களுக்கு அது மாமாவின் பலகை.

மூடிப்போன டியூஷன் நிலையம் ஒன்று தூக்கியெறிந்த வெள்ளைப் பலகை அது. பேருந்து நிறுத்தத்தில், வாதுமை மரத்தடியில், மாமா அதைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார். தினமும் காலை ஏழு மணிக்கு எழுதுவார். கறுப்பு எழுத்து மஜ்லிஸ் செய்தி, நீலம் குழாய்த் தண்ணீர், சிவப்பு கடல். பச்சை ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பிறகு.

தாமானுக்கு வாட்ஸ்அப் குழு இருக்கும்போது பலகை எதற்கு என்று கேட்டால் மாமா சொல்வார்: "குரூப்புல போட்டா குட் மார்னிங் பூவுக்குக் கீழ போயிரும். இங்க பாரு, இதுக்கு மேல பூ விழுந்தாலும் கையால எடுத்துப் போட்டுட்டு வாசிக்கலாம்." வாதுமைப் பூ உண்மையிலேயே விழும். அதை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் நாங்கள் வாசித்தோம்.

அவருடைய அறிவிப்புகளில் சிலவற்றை அப்போதே குறித்து வைத்திருக்கிறேன். இலக்கியம் படிக்கப் போகிறவர்களுக்கு இப்படிச் சில கெட்ட பழக்கங்கள் உண்டு.

'காலை 11.20க்குக் கடல் மூன்றாம் லோரோங் வரும். 12.45க்குப் புறப்படும். காலணிகளை மேலே வைக்கவும்.'

'நாளை 9 முதல் 5 வரை குழாயில் தண்ணீர் வராது. வந்தால் நாம் பொறுப்பல்ல.'

'மாலை 6 மணிக்குப் புகையடிப்பு. கொசுக்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை.'

'நேற்று மாலை நீர்நாய்கள் ஐந்து கால்வாயைப் பார்வையிட்டுச் சென்றன. குறை எதுவும் சொல்லவில்லை.'

கடலை அவர் தொழிற்சாலைப் பேருந்தாகவே நினைத்தார். அதற்கு நிறுத்தங்கள் இருந்தன, நேரம் இருந்தது, தாமதம் இருந்தது. படகுத்துறையில் ஒட்டியிருக்கும், கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பார்ப்பார். பிறகு கால்வாயில் தாமே நட்டு வண்ணமடித்த குச்சியைப் பார்ப்பார். பிறகு வானத்தைப் பார்த்து, அட்டவணையோடு ஏழு நிமிடம் கூட்டுவார். அந்த ஏழு நிமிடம் எங்கிருந்து வந்தது என்று காதர் பாய் ஒருமுறை கேட்டார். மூலையில் உணவுக்கடை வைத்திருப்பவர் அவர்.

"அது எங்க ஏரியாக்கு வர்றதுக்கு ஆவுற டைம் பாய். சிங்கப்பூரச் சுத்தி வரணும்ல, ஜாம் இருக்காதா?"

பாய் சிரித்தார். ஆனால் அன்று கடல் சரியாக ஏழு நிமிடம் தாமதித்துத்தான் வந்தது. அதன்பிறகு பாய் தம் கடை நாற்காலிகளைப் பலகையைப் பார்த்துத்தான் மடக்கினார்.

இப்படி ஒரு மனிதருக்கு இருந்த ஒரே சொத்து, பலகையில் எழுதினால் அது சரியாக இருக்கும் என்ற பெயர். அந்தப் பெயர் ஒருநாள் கடைசி வீட்டு வாசலில், கணுக்கால் நீரில் போய்விட்டது. அது எப்படிப் போனது, பிறகு என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

செய்தி சேகரிக்க மாமா வாரத்தில் மூன்று நாள் மஜ்லிஸின் கிளை அலுவலகத்துக்குப் போவார். மின்விசிறிக்குக் கீழே மூன்றாவது நாற்காலி அவருடையது. வெளிர்நீலச் சட்டை, பையில் நான்கு பேனா, மடியில் ஒரு கோப்பு. வருகிறவர்கள் எல்லாம் அவரிடம்தான் எந்த முகப்புச் சன்னலுக்குப் போவது என்று கேட்பார்கள். அவரும் சரியாகச் சொல்வார். ஒருநாள் காய்ச்சலால் போகவில்லை. மறுநாள் புதிதாகச் சேர்ந்த எழுத்தர் பெண் கேட்டாள்: "அங்கிள், நேத்து வரலியே. லீவு போட்டீங்களா?"

அடுத்த நாள் மாமா மருத்துவரிடம் ஓய்வுச்சீட்டு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். அவள் அதைக் கோப்பில் வைத்தாள்.

இனிப் பச்சைப் பேனா. மாமா வாழ்நாளில் யார்மீதும் புகார் கொடுத்ததில்லை. வேலை நடக்க வேண்டுமென்றால் நன்றி சொல்வார், அது நடப்பதற்கு முன்பே.

நான் பள்ளியில் படித்தபோது மூன்றாம் லோரோங்கில் விளக்குக் கம்பம் ஒன்று நெடுநாளாக இருண்டு கிடந்தது. பலர் புகார் கொடுத்தார்கள். பலருக்கும் புகார் எண் கிடைத்தது. மாமா மட்டும், விளக்கை விரைந்து பழுதுபார்த்த மஜ்லிஸுக்கு மூன்றாம் லோரோங் மக்களின் மனமார்ந்த நன்றி என்று மலாயில் ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். பலகையிலும் பச்சையில் எழுதினார். ஒரு வாரத்தில் என்சிக் ஹஃபிஸ் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். மஜ்லிஸின் இளம் அதிகாரி அவர்; என்சிக் என்றால் மலாயில் 'திரு'. கூலாய்ப் பக்கம் தோட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். தமிழைத் தாராளமாகப் பேசுவார்.

"அங்கிள், இந்த லெட்டரு நீங்கதானே?"

"ஆமா."

"லைட்டு போட்டதுக்குத் தேங்ஸ்னு இருக்கு."

"ஆமா."

"லைட்டு இன்னும் போடலியே லா!"

மாமா கம்பத்தை முதன்முறையாகப் பார்ப்பவர்போல் அண்ணாந்து பார்த்தார். "அலமாக். நான் அவசரப்பட்டுட்டேன் போல. பரவால்ல, லெட்டரத் திருப்பிக் குடுத்துருங்க."

"எப்படிக் குடுக்குறது? பெரியவரு மீட்டிங்குல வாசிச்சுட்டாரு. எல்லாரும் கையும் தட்டிட்டாங்க."

மறுநாள் விளக்கு எரிந்தது.

"புகார் குடுத்தா அது பைலுக்குள்ள போயிப் படுத்துக்கும்," என்று மாமா பாய் கடையில் விளக்கினார். "நன்றி சொன்னா அவங்களுக்குத்தான் படுக்க முடியாது."

இந்த முறையில் எங்களுக்கு ஒரு நடைபாதை கிடைத்தது. இரண்டு குப்பைத் தொட்டிகள் கிடைத்தன. புல் மாதந்தோறும் வெட்டப்பட்டது. நாங்களும் பச்சையை வாசிக்கக் கற்றுக்கொண்டோம். 'முதல் லோரோங்கில் குழியை மூடியதற்கு நன்றி' என்று பச்சையில் இருந்தால், அங்கே குழி இருக்கிறது, மெதுவாகப் போக வேண்டும். 'புதர் வெட்டியதற்கு நன்றி' என்றிருந்தால் பாம்பு இருக்கலாம். "பச்சையில எழுதியிருக்கு, பாத்துப் போ," என்று என் அம்மா எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். இந்த விதி எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்படாததால் யாரும் மறக்கவுமில்லை.

இந்த முறை செல்லாத ஒரே இடம் மாமாவின் வீடு. கூடத்து ட்யூப் லைட் நெடுநாளாகக் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. அத்தை ஒருநாள், 'ட்யூப் லைட் மாற்றியதற்கு நன்றி' என்று எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினார். மாமா அதைப் படித்து, "கையெழுத்து நல்லா இருக்கு," என்றார். விளக்கு தொடர்ந்து கண்சிமிட்டியது.

பவானி அக்கா கடைசி வீட்டுக்குக் குடிவந்தது இதற்கெல்லாம் பிறகு. கோத்தா திங்கியிலிருந்து வந்தார். தையற்காரர், ரவிக்கை தைப்பதில் கைதேர்ந்தவர். இரண்டு தையல் இயந்திரங்களும் ஓர் ஓரத்தையல் இயந்திரமும் லாரியிலிருந்து இறங்கின; பிறகுதான் கட்டில் இறங்கியது. வந்த அன்றே பலகை முன் நின்றிருந்த மாமாவிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அங்கிள், இங்க தண்ணி ஏறுமா?"

"ஏறும்மா. ஆனா சொல்லிட்டுத்தான் ஏறும்."

"கோத்தா திங்கியில சொல்லாம வரும். மூணு தடவ வந்துருச்சு. போன தடவ ஒரு மெஷினே போயிருச்சு." அக்கா பலகையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "சொல்லிட்டு வந்தா போதும். மெஷினத் தூக்கி மேல வைக்க எனக்கு அர மணி நேரம் இருந்தா சரி."

"அர மணி நேரம் என்னாம்மா, மூணு நாள் தர்றேன்," என்றார் மாமா, வருகிற பேருந்தில் சன்னலோர இருக்கை பிடித்துத் தருபவரைப் போல.

அதன்பின் அக்கா காலையில் கதவைத் திறந்ததும் கோலம் போடுவதற்கு முன்பே பலகைக்கு நடந்து போய் வருவார். மாமா எழுதிய எதையும் இவ்வளவு கவனமாக யாரும் வாசித்ததில்லை. அதுவே கேடாக முடிந்தது. கவனமாக வாசிக்கத் தெரிந்த அவருக்குப் பச்சையின் பொருளை மட்டும் நாங்கள் யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

கால்வாய் கடலைச் சந்திக்கும் இடத்தில் ஓர் இரும்புக் கதவு உண்டு. கடல் ஏறும்போது தானே சாத்திக்கொள்ளும். இறங்கும்போது தானே திறந்து கால்வாய் நீரை வெளியே விடும். அதன் கீல் துருப்பிடித்து வந்ததால் சில காலமாகவே பெரிய ஓதங்களில் கடல் உள்ளே வந்துபோனது. இப்போது, மதிய உணவுக்குப் பின் நாற்காலியில் உறங்கிப்போனவரின் வாய்போல அது பாதி திறந்தே நின்றுவிட்டது. ஆண்டின் மிகப் பெரிய ஓதத்துக்கு இன்னும் ஒரு மாதமே இருந்தது. மாமா வழக்கம்போலக் கடிதம் எழுதினார். பலகையில் பச்சையில் எழுதினார்: 'நீர்க்கதவைப் பழுதுபார்த்துத் தந்த மஜ்லிஸுக்கு நன்றி.'

ஆனால் விளக்குக் கம்பத்துக்கு ஓர் இலாகாதான். நீர்க்கதவுக்கு மூன்று. கடிதம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போனது. முதல் இலாகா, இரண்டாவது செய்திருக்கும் என்று நினைத்தது. இரண்டாவது மூன்றாவதை நினைத்துப் பெருமைப்பட்டது. மூன்றாவது, யாரோ செய்த வேலைக்குத் தனக்கு நன்றி வருவதை அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டது. ஒருநாள் முத்திரையிட்ட பதில் கடிதம் வந்தது. தங்கள் பாராட்டுக்கு மகிழ்ச்சி. இத்தகைய சேவையைத் தொடர்ந்து வழங்குவோம்.

மாமா அதைப் பாய் கடையில் உரக்க வாசித்தார். கடை முழுதும் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏத்துக்கிட்டாங்க பாய்."

"என்னாத்த?"

"நன்றிய. இத்தன வருஷத்துல யாருமே ஏத்துக்கிட்டதில்ல. இப்ப என்னா பண்றது?"

"இன்னொரு நன்றி போடு," என்றார் பாய், தேநீரை ஆற்றியபடி.

மாமா இன்னொன்றும் போட்டார். ஆனால் மஜ்லிஸின் முத்திரையிட்ட தாள் எதுவாக இருந்தாலும் பலகையில் குத்திவைப்பது அவருடைய பழக்கம். அதையும் குத்தினார். மேலே பச்சையில் நன்றி. அதற்குக் கீழே சின்னமும் முத்திரையும் போட்ட பதில். அதற்கும் கீழே சிவப்பில், 'வியாழன் காலை 11.35க்குக் கடல். இந்த ஆண்டின் பெரிய வருகை. அனைத்தையும் உயர்த்தவும்.' பவானி அக்கா மூன்றையும் வரிசையாக வாசித்தார். கதவு சரியாகிவிட்டது; மஜ்லிஸே ஒப்புக்கொண்டுவிட்டது; ஆகவே கடல் வரும், கதவோடு நின்றுவிடும். உயர்த்தச் சொன்னது வழக்கமான எச்சரிக்கை. இதைவிடச் சரியாக அந்தப் பலகையை யாரும் வாசித்திருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை கூலாயில் ஒரு திருமணம். பதினொரு ரவிக்கைகள் தைத்தாக வேண்டும். அக்கா வியாழன் காலை பட்டுத் துணிகளையெல்லாம் தரையில் விரித்துவைத்து வெட்டத் தொடங்கினார்.

எங்கள் பக்கம் கடல் அலையாக வருவதில்லை. முதலில் கால்வாய் பேச்சை நிறுத்தும். பிறகு சாலையோரத்து இரும்புச் சல்லடைகள் வழியாக நீர் மெல்ல மேலே எழும், யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்று நடப்பதுபோல. வாதுமை இலைகள் நகரத் தொடங்கும். ஓர் ஒற்றைச் செருப்பு முதல் வீட்டிலிருந்து நான்காம் வீட்டுக்கு விருந்து போகும். சாலை தெரியாது, சாலை இருந்த இடத்தில் வானம் இருக்கும். விரல் நீளமுள்ள மீன்கள் வீட்டெண்களைப் பார்த்துக்கொண்டே போகும். அன்றும் அப்படித்தான் வந்தது. எல்லாரும் எல்லாவற்றையும் உயர்த்திவைத்துவிட்டுப் படிகளில் அமர்ந்திருந்தோம். மாமா காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நடுச்சாலையில் நடந்து வந்தார்.

"ரெண்டு நிமிஷம் லேட்டு," என்றார் எங்கள் வீட்டைத் தாண்டும்போது.

அப்போதுதான் அந்த ஓசை கேட்டது. கடைசி வீட்டில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தடதடவென்று, சிறிதும் ஐயமின்றி, ஓடிக்கொண்டிருந்தது. மாமா நின்றார். நீர் அவர் கணுக்காலைக் கடந்து அந்த வீட்டு வாசற்படியின் விளிம்பை அடைந்திருந்தது. அந்த மனிதர் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கடல் உள்ளே போய்விட்டது. கூடம் முழுதும் பட்டு மிதந்தது: மாம்பழ மஞ்சள், மயில்நீலம், குங்குமச் சிவப்பு. துணிகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி, மெல்லச் சுழன்று, நாற்காலிக் கால்களைச் சுற்றிவந்தன. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அழகாக இருந்தது. அக்கா ஓர் இயந்திரத்தை மார்போடு அணைத்துத் தூக்கி நின்றார். மாமா மற்றொன்றைத் தூக்கி மேசைமேல் வைத்தார். ஓரத்தையல் இயந்திரத்தின் மோட்டார் கீழே இருந்தது. அது பிழைக்கவில்லை.

"நீங்கதானே அங்கிள் கதவு செஞ்சாச்சுன்னு எழுதுனீங்க?"

மாமா மிதந்துவந்த ஒரு பட்டுத் துண்டை எடுத்து நீரைப் பிழிந்தார்.

"கோத்தா திங்கியில ஆறு வந்தப்பகூட நான் யாரையும் நம்பி உக்காந்துக்கிட்டு இருக்கல," என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் மாமாவுக்கு வசதியாக இருந்திருக்கும்.

பகல் முழுதும் லோரோங்குப் பெண்கள் பட்டிலிருந்து உப்பை அலசினோம். எட்டுத் துணிகள் தேறின. மூன்று தேறவில்லை. மாமா யாரிடமும் சொல்லாமல் தம் பழைய மோட்டார் சைக்கிளில் கூலாய்க்குப் போய், மணப்பெண் வீட்டுக் கதவைத் தட்டி, மூன்று ரவிக்கைகள் தாமதமாகும், அது முழுக்கத் தம் தவறு என்று சொல்லியிருக்கிறார்.

"நீங்க யாரு? டைலரா?" என்று கேட்டிருக்கிறார் பெண்ணின் தாய்.

"இல்லம்மா. நான் நோட்டிஸ் எழுதுறவன்."

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பலகை வெள்ளையாக இருந்தது. நான்கு பேனாக்களும் அத்தையின் பிஸ்கட் டின்னுக்குள் போய்விட்டன. "இனிமே குரூப்புல பாத்துக்கச் சொல்லு," என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, மாமா சாய்வு நாற்காலியில் கண்சிமிட்டும் விளக்கின்கீழ் படுத்துக்கொண்டார்.

குழுவில் பார்த்தோம். பூக்கள் இருந்தன. குப்பை லாரி வராத நாளில் குப்பையை வைத்தோம். வந்த நாளில் உறங்கினோம். அம்மா தலையில் சீயக்காயோடு நின்றபோது தண்ணீர் நின்றது. அந்த நிலையிலேயே பலகையை நோக்கி ஒரு பார்வை பார்த்தார். கடல் ஒருமுறை சொல்லாமல் வந்து காதர் பாயின் செருப்புகளை எடுத்துக்கொண்டு போனது. "கடலா இது? திருடன் மாதிரி வருது," என்று பாய் திட்டினார். ஒரு மாலையில் நீர்நாய்கள் வந்தன, இம்முறை ஆறு. நான் எண்ணினேன். எண்ணிய பிறகு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து என்சிக் ஹஃபிஸ் வந்தார். எங்கள் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, தணிந்த குரலில் அம்மாவிடம் கேட்டார்: "அக்கா, அங்கிளுக்கு உடம்பு சரியில்லையா? மூணு வாரமாத் தேங்ஸ் லெட்டரு வரல. ஆபீஸ்ல எல்லாருக்கும் ஒரு மாதிரியா இருக்கு லா."

அம்மா அவரைக் கடைசி வீட்டுக்கு அழைத்துப் போனார். பவானி அக்கா சுவரில் நீர் நின்ற சேற்றுக் கோட்டைக் காட்டினார். பிறகு இருவரையும் கால்வாய் முனைக்கு நடத்திப் போய்க் கதவைக் காட்டினார்.

"இது ரிப்பேர் ஆயிருச்சுன்னு பைலுல இருக்கே," என்றார் ஹஃபிஸ்.

"பைலுக்குள்ள தண்ணி வரல தம்பி. என் வீட்டுக்குள்ளதான் வந்துச்சு."

ஹஃபிஸ் கதவின் வாய்க்குள் குனிந்து பார்த்தார். நிறையப் படம் எடுத்தார். அடுத்த வாரம் மஜ்லிஸ் ஆட்கள் வந்து கீலை மாற்றினார்கள். மூன்று இலாகாக்களில் எது அனுப்பியது என்று இன்றுவரை தெரியாது. மூன்றுமே என்றும் ஒரு பேச்சு உண்டு.

கதவு சரியான அன்று அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அந்தப் பச்சை எழுத்து என்னா கணக்கு அக்கா? எல்லாரும் மேல தூக்கி வச்சீங்க. எனக்கு மட்டும் தெரியல."

அம்மா சங்கடத்தோடு விளக்கினார். விளக்கு, நடைபாதை, புதர், பாம்பு எல்லாம் சொன்னார். "பச்சையில இருந்தா இன்னும் நடக்கலன்னு அர்த்தம்."

அக்கா பலகை இருந்த பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "நடக்கலன்னு மட்டுமா அர்த்தம்? நடந்துரணும்னு ஒரு மனுஷன் கெஞ்சிக்கிட்டு இருக்காருன்னு அர்த்தம்." எழுந்தார். "அந்தப் பேனா எங்க இருக்கு?"

பிஸ்கட் டின்னைத் திறந்து கொடுக்கும்போது அத்தை எச்சரித்தார்: "எழுதுறதுனா எழுது. ஆனா இந்த மனுஷன்கிட்ட மட்டும் அது பலிக்காது பவானி. என் நன்றி இன்னும் ஃப்ரிட்ஜுலதான் ஒட்டிக்கிட்டு இருக்கு."

அன்று மாலை வெற்றுப் பலகையின் நடுவில் பச்சையில் இரண்டு வரிகள் இருந்தன:

'நாளைக் காலை ஏழு மணிக்குப் பலகை எழுதியதற்கு மாமாவுக்கு நன்றி.
கடைசி வீடு.'

அக்காவுக்கு அங்கிள், மாமா ஆகியிருந்தார். நான் பால் வாங்கப் போனபோது அவர் பலகை முன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஒரு வாதுமைப் பூ அதன் சட்டத்தில் விழுந்தது. எடுத்துப் போட்டார். மறுபடி வாசித்தார். என்னைக் கண்டதும், "இது என்னா, நான் இன்னும் எழுதவே இல்லியே," என்றார். அவர் முகம் அன்றைய ஹஃபிஸின் முகமாக இருந்தது. விளக்குப் போடாத கம்பத்தின்கீழ், கைதட்டு வாங்கிவிட்ட ஒருவரின் முகம்.

மறுநாள் ஆறு ஐம்பதுக்கே எழுதிக்கொண்டிருந்தார். முதல் வரி கறுப்பு: 'நீர்க்கதவு பழுதுபார்க்கப்பட்டது. கையால் தொட்டுப் பார்த்தேன்.' இரண்டாவது சிவப்பு: 'கடல் 10.50. கதவுவரை மட்டும்.' கீழ் மூலையில், இனி ஒருபோதும் அழியாதபடி, எண்ணெய் வண்ணத்தில் சிறிய எழுத்துகள்: 'கறுப்பு, நீலம், சிவப்பு: நம்பலாம். பச்சை: இன்னும் நடக்கவில்லை.' அதற்குப் பின் எங்கள் தாமானுக்குக் குடிவரும் எல்லாருக்கும், சாவி வாங்குமுன்பே, அந்த மூலையைக் காட்டிவிடுகிறோம்.

அன்றே மாமா கூடத்து ட்யூப் லைட்டையும் மாற்றினார். ஒளி நிலையாக விழுந்த கூடத்தில், எதையோ தொலைத்தவர்போல் அன்று முழுதும் அத்தை சுற்றிச்சுற்றி வந்தாராம்.

இப்போது நான் வடக்கே, கடல் தெரியாத ஓர் ஊரில், பல்கலைக்கழக விடுதியில் இருக்கிறேன். இங்கே அறிவிப்புகள் எல்லாம் கைபேசிக்கு வருகின்றன. எவையும் நீர்நாய்களைக் குறிப்பிடுவதில்லை. அம்மா வாரம் ஒருமுறை பலகையைப் படமெடுத்து அனுப்புகிறார். போன செவ்வாய்க்கிழமை வந்த படத்தில், குப்பை லாரிக்கும் கடலுக்கும் நடுவே, பச்சையில் ஒரு வரி இருந்தது:

'கடைசிக்கு முந்திய வீட்டுப் பிள்ளை வெள்ளிக்கிழமை மாலைப் பேருந்தில் ஊர் வந்து சேர்ந்ததற்கு நன்றி.'

அந்த வாரம் விடுதியிலேயே இருந்து ஒரு கட்டுரையை முடிப்பதாக இருந்தேன். சிறிது நேரம் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெள்ளிக்கிழமைப் பேருந்துக்குப் பயணச்சீட்டு எடுத்தேன்.